பணியிடத்தைத் தேடி வரும் பாடம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் அருச்சுனன் தபசையும் காண ஆண்டு முழுவதும் மக்கள் வந்த வண்ணம் இருக்கின்றனர். கோவளத்துக் கார்மேல் அன்னையின் திருவிழாவுக்கு ஜூலை மாதத்தில் நம் பங்கு மக்களும் திரளாகச் செல்கின்றனர். அந்தக் கடற்கரைச் சாலையின் கிழக்கே நெம்மேலி, பட்டிப்புலம், தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு என்று குப்பங்கள் வரிசையாக அமைந்துள்ளன. மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் வயல்களும் ஏரிகளும் திருக்கழுக்குன்றத்து மலையும் தென்படும். தோளில் ஒரு பையும், கையில் தடுப்பு மருந்தை வைத்த பனிக்கட்டிப் பெட்டியுமாக இவ்வூர்களின் தெருக்களில் காலை வேளையில் நடந்து செல்லும் பெண் ஒருவரை நாம் எத்தனை முறை பார்த்திருப்போம்! பார்த்தும் எத்தனை முறை கவனியாது விட்டிருப்போம்! அவரே கிராம சுகாதாரச் செவிலியர். ஊரார் 'நர்சம்மா' என்று அழைப்பார்கள். சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அந்த 5,000 பேரின் கருவுற்ற தாயும் கைக்குழந்தையும் இவர் பொறுப்பு.

இந்த அம்மையார் தம் பயிற்சியை முடித்து இருபது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அன்று அவர் கற்றவை பேறுகாலக் கவனிப்பு, அம்மை, இளம்பிள்ளைவாதம் முதலியவற்றுக்கான தடுப்பு மருந்துகள், குடும்பநலம் ஆகியவை. காலம் அங்கேயே நின்றுவிடவில்லை. ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் மருந்தை இந்தியாவில் முதன்முதல் 2011 டிசம்பரில் ஏற்றவை தமிழகமும் கேரளமுமே. பின்னர் வேறு புதிய மருந்துகளும் வந்து சேர்ந்தன. 2020-இல் கொரோனாத் தொற்று வந்தது. தமிழகத்தில் அது கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் செங்கற்பட்டும் ஒன்று. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது முதல், இரத்த அழுத்தமும் நீரிழிவும் வீட்டு வாசலிலேயே கண்டறியப்பட வேண்டிய நோய்கள் ஆயின. கருவாடும் உப்புக்கண்டமும் அன்றாட உணவாக உள்ள குப்பத்தில் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசுவது எளிய காரியம் அன்று. பேசுகிறவருக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியாயின் அவருக்குப் புதியதைக் கற்பிப்பது யார்? எங்கே? ஆறு மாதம், ஓராண்டு என்று நகரத்துக் கல்லூரிக்கு அவரை அழைத்துவிட்டால், 5,000 பேரை எவர் கவனிப்பது? அழைக்காமலே விட்டுவிட்டால், பழைய அறிவைக் கொண்டு புதிய நோயை எப்படி எதிர்கொள்வது? இது செங்கற்பட்டுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழை நாடுகள் அனைத்தும் ஐம்பது அறுபது ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வருகின்றன. கற்பவர் கல்லூரிக்குச் செல்வதற்குப் பதிலாகப் பாடமே கற்பவரைத் தேடிச் செல்வது என்பது அவை கண்ட வழிகளுள் ஒன்று.

அஞ்சல் வழிக் கல்வி தமிழருக்குப் புதியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் இந்நாட்டில் அதைத் தொடங்கியது. 1971-இல் மதுரையும், 1979-இல் அண்ணாமலையும், 1981-இல் சென்னையும் தொடர்ந்தன. பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, இரவில் அரிக்கேன் விளக்கடியில் பாடத்தாள்களைப் புரட்டிப் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. எனினும், 'தபாலில் வாங்கிய பட்டம்' என்ற ஏளனமும் கூடவே இருந்து வந்தது. வரலாறும் பொருளாதாரமும் தபாலில் வரலாம். ஊசி போடத் தபாலில் கற்க முடியுமா என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேட, நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்த மற்றொரு வரலாற்றைக் கவனிப்போம்.

காசநோய் என்றால் மதனப்பள்ளி, தாம்பரம் போன்ற இடங்களின் மருத்துவ விடுதிகளில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் மாற்ற முடியாத விதியாகக் கருதப்பட்டது. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு இவையின்றி நோய் தீராது என்று மருத்துவர்களே நம்பினர். படுக்கைகளோ சில ஆயிரம், நோயாளிகளோ இலட்சக்கணக்கில். 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தமிழக அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த மையத்திற்கு முதலில் தலைமை தாங்கியவர் வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியிலும் மறு பிரிவினரை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். 1959-இல் வெளியான முடிவு உலகையே வியப்பில் ஆழ்த்தியது. வீட்டில் இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்திருந்தனர். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

இதில் பலர் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு அந்த மையத்தார் சும்மா இருந்துவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று அறிந்தார்கள். வராதவரைத் தேடிப் போனார்கள். வீட்டுச் சிகிச்சை வென்றது இந்த விடாத கண்காணிப்பினாலேயே. வீட்டுக்கு வரும் படிப்புக்கும் இதுவே பொருந்தும் என்பது நம் கருத்து. பாடத்தாளை அனுப்பிவிட்டுத் தேர்வு நாளில் மட்டும் நினைத்துக்கொள்வது, மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராததைப் போன்றது.

செங்கற்பட்டுச் சீமை உலக மருத்துவத்திற்குக் கொடுத்த பாடங்கள் ஒன்றிரண்டல்ல. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் முன்னர் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக இருந்தது. 1955-இல் இந்திய அரசு அதனை ஏற்றது. டாப்சோன் மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவரான இராபர்ட் காக்ரேன் பணியாற்றியது இங்கேதான். பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றி உலகிலேயே மிகப் பெரிய சோதனை 1968-இல் தொடங்கியதும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில்தான். இன்று திருவள்ளூர் மாவட்டமாகிவிட்ட பகுதியில் 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டுப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பெரியவர்களைத் தாக்கும் தொற்றக்கூடிய நுரையீரல் காசத்தை இந்த ஊசி தடுக்கவில்லை என்பது முடிவு. (பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறதே என்று தாய்மார் குழம்ப வேண்டாம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து அது காப்பதால் தொடர்ந்து போடப்படுகிறது.) 'சிங்கில்புட்' என்ற பெயரை அறியாத காசநோய் ஆய்வாளர் உலகில் எங்கும் இல்லை எனலாம். ஆனால் இந்த மண்ணிலிருந்து அயல்நாட்டு ஏடுகளுக்கு ஏறிச் சென்ற அறிவு, இந்த மண்ணிலேயே நடந்து திரியும் நர்சம்மாவின் கைக்கு எளிய தமிழில் திரும்பி வர எத்தனை காலம் பிடித்தது? கேட்கத்தான் தோன்றுகிறது.

அறிவைத் திருப்பிக் கொண்டு சேர்க்க வெளிநாடுகளில் முயன்றவர்களுள் டேவிட் மார்லி குறிப்பிடத்தக்கவர். நைஜீரியாவின் இலேசா என்னும் ஊரில் மிஷன் மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர். தாயின் கையில் கொடுத்து வைக்கத்தக்க எடை அட்டையைப் பரப்பியவர் அவரே. நம் அங்கன்வாடியில் குழந்தையின் எடையைக் கோடிட்டுக் காட்டும் அட்டையும் அதே முறையைச் சேர்ந்ததே. பின்னர் இலண்டனில் கற்பித்தபோது, ஏழை நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் ஊர் திரும்பியதும் கற்பிக்கப் படங்களின்றித் தவிப்பதைக் கண்டு, 1965-இல் 'குறைந்த விலையில் போதனைக் கருவிகள்' என்ற பொருள்படும் 'டால்க்' அமைப்பைத் தொடங்கினார். நிழற்படச் சுருள்களும் அவற்றுக்கான விளக்கவுரையும் மலிவு விலையில் அஞ்சலில் பறந்தன. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தயாரிக்க ஒரு முனையில் சர்க்கரைக்கும் மறுமுனையில் உப்புக்கும் அளவு குழிந்த கரண்டி ஒன்றையும் அவர்கள் அனுப்பினார்கள். ஒரு கரண்டியே ஒரு பாடப்புத்தகம்!

கென்யாவின் கதை இன்னும் பெரியது. 1957-இல் 'பறக்கும் மருத்துவர்'களாகத் தொடங்கிய அம்ரெப் நிறுவனம், எட்டாக் கையில் இருந்த சுகாதாரப் பணியாளருக்கு அஞ்சல் வழியாகவும் வானொலி வழியாகவும் பாடம் நடத்திப் பழகியது. அந்நாட்டில் கீழ்நிலைச் சான்றிதழ் பெற்ற செவிலியர் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்களைப் பதிவு பெற்ற செவிலியராக உயர்த்த வேண்டும். இருந்த கல்லூரிகளைக் கொண்டு செய்வதாயின் பல தலைமுறைகள் ஆகும். 2005-இல் அம்ரெப், அந்நாட்டுச் செவிலியர் குழுமத்தோடு சேர்ந்து கணினி வழிப் படிப்பைத் தொடங்கியது. ஆங்காங்கே மருத்துவமனைகளில் கணினி வைத்து, செவிலியர் தம் பணிநேரம் போகப் பாடம் படித்தனர். செய்முறையை மட்டும் மருத்துவமனையில் மூத்தவர் முன்னிலையில் செய்து காட்டினர். இந்த இரண்டையும் பிரித்ததே அத்திட்டத்தின் நுட்பம். தலையால் கற்பது தொலைவிலிருந்து வரலாம். கையால் கற்பது ஒரு கையின் அருகில் இருந்தே வர வேண்டும்.

ரிச்சர்ட் ஹெல்லர் என்ற பேராசிரியர் 'மக்கள் பல்கலை' என்ற பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. பல நாட்டு ஆசிரியர்கள் ஊதியமின்றிக் கற்பிக்க, ஏழை நாடுகளின் பொதுச் சுகாதாரப் பணியாளர் மிகக் குறைந்த கட்டணத்தில் கற்பதே அதன் நோக்கம். தொலைவிலிருந்து கற்றவரின் கைப்பக்குவம் குறையுமோ என்ற ஐயத்துக்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் விடை கிடைத்தது. இந்தியாவில் பிறந்த மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். ஒருவகை ஈரல் அழற்சிக்குச் சிகிச்சை செய்யக் கிராமத்து மருத்துவர்களுக்கு வாரந்தோறும் ஒளித்திரை வழியே வழிகாட்டுவது அதன் முறை. நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானோரும் கிராமத்து மருத்துவர்களிடம் குணமானோரும் ஏறத்தாழ ஒரே விகிதம் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. சென்னையில் 1959-இல் கிடைத்த விடையின் சாயல் இதில் தெரிகிறதல்லவா?

நம் நாட்டிலும் வழிகள் திறந்துள்ளன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தோன்றியது. பதிவு பெற்ற செவிலியர் பணியில் இருந்தபடியே பட்டம் பெற 1994-இல் அது வழி செய்தது. துணை நிலையங்களில் அமர்த்தப்படும் செவிலியருக்கென ஆறு மாதச் சமுதாய நலச் சான்றிதழ்ப் படிப்பையும் பின்னர் ஏற்படுத்தியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006-இல் குடும்ப மருத்துவத்தில் ஈராண்டுப் பட்டயப் படிப்பைத் தொலைதூர முறையில் தொடங்கியது. சிற்றூர் மருத்துவர், எடுத்ததற்கெல்லாம் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடாமல், தம்மிடமே தீர்த்து வைக்கப் பழக வேண்டும் என்பது அதன் குறிக்கோள். மருத்துவமனைக்கு அலைந்து கடன்பட்ட எந்தக் குடும்பத்துக்கும் இக்குறிக்கோளின் அருமை விளங்கும். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் அரசு மருத்துவ அலுவலர்களுக்கு நடத்திய முதுநிலைப் படிப்பும் சிறப்பானது. சில வாரம் வகுப்பு. பிறகு தம் மாவட்டத்துக்கே திரும்பி, அங்கே உண்மையாகவே பரவும் நோயை ஆராய்ந்து அறிக்கை எழுதுவது. அதே நிறுவனம் சுகாதார ஆய்வின் அடிப்படைகளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் துணையோடு கணினி வழியே கற்பித்தும் வருகிறது. பாடம் இலவசம்; சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம்.

இவை யாவும் உள்ளனவே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். கடலோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த, ஓய்வு பெற்ற கிராமச் செவிலியர் ஒருவரிடம் நாம் இதுபற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"பயிற்சிக்கு மெட்ராஸ் வாங்கன்னு கூப்பிடுவாங்க, ஐயா. புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்னைக்கு நான் ஊர்லே இல்லேன்னா, தாய்மாருங்க பிள்ளையைத் தூக்கிட்டு வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போவாங்க. மறுவாரம் பாதிப் பேரு வர மாட்டாங்க. அதனாலே செல்போன்லே பாடம் வருதுன்னப்போ சந்தோஷந்தான் பட்டேன்."

"பிறகு என்னம்மா ஆயிற்று?" என்றோம்.

"2020-லே கொரோனாப் பாடமெல்லாம் போன்லே வந்தது. வீட்டிலே இருந்ததோ ஒரே போன். பையனுக்கும் அதிலேதான் பள்ளிக்கூடம். அவன் முடிச்சு, சமையல் முடிச்சு, ராத்திரி பத்து மணிக்கு உட்காருவேன். பாடம் பாதி இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியலேன்னா யாரைக் கேக்கிறது? போன் பதில் சொல்லுமா? எங்க டாக்டரம்மா நல்லவங்க. மறுநாள் கூப்பிட்டுக் கேட்டா, அஞ்சு நிமிஷத்திலே தமிழிலே சொல்லிடுவாங்க. அந்த அஞ்சு நிமிஷந்தான் எனக்குப் படிப்பு."

இதற்கு மேல் நாம் விளக்கம் கூறத் தேவையில்லை. ஒரே கைப்பேசி, தூக்கம் பாதி அமுக்கிய கண்கள், அயல்மொழி, சவுக்குத் தோப்புக்குள் அறுந்து போகும் அலைவரிசை! திட்டம் தீட்டுவோர் மேசையில் இவை எவையும் தென்படுவதில்லை. செங்கற்பட்டின் செவிலியர் தமிழில் வரும் பாடத்தையும், கேட்டால் பதில் சொல்லும் ஒரு மனிதரையும், படிப்பதற்குப் பணிநேரத்திலேயே ஒதுக்கப்பட்ட ஒரு மணியையும் வேண்டுவதில் மிகை ஒன்றுமில்லை. கென்யாவில் கொடுக்க முடிந்தது நம்மால் கொடுக்க முடியாததா?

இந்தப் பணியாளரின் அறிவு எவ்வளவு மதிப்புள்ளது என்பதை இக்கரையோரம் ஒருமுறை கண்ணாரக் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குப்பங்களை வாரிச் சென்ற பிறகு, அடுத்து கொள்ளைநோய் வரும் என்று உலகமே அஞ்சியது. தமிழகக் கடலோரத்தில் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் முகாம் முகாமாகச் சென்று குடிநீரில் குளோரின் கலந்தனர்; குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டனர். அஞ்சிய கொள்ளைநோய் வரவில்லை. 1939-இலேயே இந்தியாவில் முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென விரிவான சட்டம் இயற்றிய மாகாணம் நம் பழைய சென்னை மாகாணம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வோம்.

நம் திருச்சபைக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் மேரி குளோரி 1920-இல் குண்டூருக்கு வந்து கன்னியர் சபையில் சேர்ந்தார். துறவறத்தார் மருத்துவம் செய்வதற்கு அந்நாளில் திருச்சபைச் சட்டம் தடையாக இருந்ததால், திருத்தந்தையின் தனி அனுமதி அவருக்குத் தேவைப்பட்டது. பொதுவான தடை 1936-இல்தான் நீங்கிற்று. இலட்சக்கணக்கான நோயாளரைத் தாம் ஒருவராகவே பார்த்துவிட முடியாது என்று உணர்ந்த அவர், உள்ளூர்ப் பெண்களை மருந்து கலப்போராகவும் தாதியராகவும் பழக்கினார். 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தை நிறுவியவரும் அவரே. அச்சங்கம் இன்று நாடெங்கும் கன்னியர் நடத்தும் சிறு மருந்தகங்களை இணைக்கிறது. அம்மருந்தகங்களில் தனித்துப் பணியாற்றும் சகோதரியும் நர்சம்மாவைப் போலவே ஊரை விட்டு நகர முடியாதவர்; அவருக்கும் இதே பாடங்கள் தேவை.

பெற்றோருக்கு ஒரு செய்தி கூறி முடிக்கிறோம். மேலே கூறிய படிப்புகள் ஏற்கெனவே பயிற்சி பெற்றுப் பணியில் உள்ளவர்க்கே உரியவை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பெண்மக்களை, 'வீட்டிலிருந்தே நர்ஸ் ஆகலாம்' என்று கவர்ச்சி விளம்பரங்கள் அழைக்கின்றன. அப்படி ஆக முடியாது. அடிப்படைச் செவிலியர் படிப்பை அஞ்சல் வழியிலோ இணைய வழியிலோ நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. உளவியல், உணவியல் போன்ற உடல்நலம் சார்ந்த படிப்புகளையும் தொலைதூர முறையில் நடத்தக் கூடாதென்று 2025 ஆகஸ்டில் அக்குழு தடை விதித்தது. எனவே நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்துமுன், அந்நிறுவனத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் என் மகளின் பெயர் பதிவாகுமா?" வாய்ச்சொல்லாகக் கிடைக்கும் விடையை ஏற்காமல், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னர் அதைக் குழுமத்திடமே காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.